இசை விழாவில் ஓர் ஓலைப் பந்தல்

கேள்வி: எங்கள் ஊர் ஆற்றங்கரைத் திடலில் மூன்று நாள் நாட்டார் இசை விழா நடத்தவிருக்கிறோம். பறை, தவில், நாகசுரம், மாலையில் இளைஞர்களின் இசைக்குழு என்று நாள் முழுவதும் திடல் அதிர்ந்துகொண்டே இருக்கும். வருகிறவர்கள் சற்று ஓய்ந்து, சேர்ந்து உட்கார்ந்து கைவேலை செய்ய ஒரு பொது இடம் அமைத்து, அதை நானே கவனித்துக்கொள்ள விரும்புகிறேன். என்ன வேலை வைக்கலாம், எப்படி நடத்தலாம்?
– வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: மிக அவசியமான எண்ணம். இசை நிகழ்விடங்களுக்காக உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட நெறிமுறை, 15 நிமிடச் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்பதோடு, காதுகளுக்கு ஓய்வு தரும் அமைதியான இடமும் அங்கே இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே குடிநீரையும் கழிப்பறையையும் கேட்பது போலவே உங்கள் பந்தலையும் விழாக்குழுவிடம் உரிமையோடு கேளுங்கள்.

திறந்த வெளியில் ஒலிபெருக்கியிலிருந்து தூரம் இரு மடங்கானால் ஒலி ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். மேடைக்குப் பின்புறம் என்பதால் அமைதியாக இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். தாழ்ந்த தொனிகள் எல்லாப் பக்கமும் பரவுபவை. ஒலிச்சோதனை நடக்கும்போது அந்த இடத்தில் போய் உட்கார்ந்து, குரலை உயர்த்தாமல் பக்கத்தில் இருப்பவரோடு பேச முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையென்றால் இன்னும் தள்ளிப் போங்கள். ஜெனரேட்டர் அருகிலும் வேண்டாம்.

வேலையென்றால் பனையோலை முடைவதைத்தான் சொல்வேன். பசை, சாயம், மின்சாரம் எதுவும் வேண்டியதில்லை. ஒருவர் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனால் இன்னொருவர் அதே இடத்திலிருந்து தொடரலாம். பூத்தொடுப்பதும் நல்ல வேலைதான், ஆனால் வெயிலில் பூ வாடத் தொடங்கியதும் கைக்கு ஓர் அவசரம் வந்துவிடும். குருத்தோலையை ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்து தரும்படி ஓலை வேலை தெரிந்த ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால், பந்தலுக்குள் கத்தியே தேவைப்படாது. காய்ந்த ஓலை மடிக்கும்போது வெடிக்கும், விளிம்பு விரலையும் கீறும். எனவே தண்ணீரில் நனைத்து, ஈரத்துணியில் சுற்றி வைத்துக்கொண்டு, கேட்பவர்களுக்கு அவ்வப்போது எடுத்துக் கொடுங்கள்.

முக்கியமான ஒன்று: ஓலை முடையும்போது சிரமமெல்லாம் தொடக்கத்தில்தான். நெடுக்கோலைகள் நழுவும், மூலை நிற்காது. களைத்து வருகிறவரை அந்தச் சிரமத்தில் தள்ளக்கூடாது. ஆகவே முதல் நான்கைந்து வரிசைகளை நீங்களே இறுக்கி முடைந்து, பல தடுக்குகளை, அதாவது சிறு ஓலைப் பாய்களை, தயாராக வைத்துவிடுங்கள். ஒன்றன் மேல், ஒன்றன் கீழ் என்று ஓலையை நுழைத்து, விரலால் நெருக்கித் தள்ளும் அந்த ஒரே அசைவு இரண்டு வரிசைக்குள் எவருக்கும் பிடிபட்டுவிடும். பிறகு பேசிக்கொண்டோ பேசாமலோ எவ்வளவு நேரமானாலும் செய்யலாம். நடுவில் ஒரு பெரிய பாயை விரித்து, நான்கு பக்கமும் ஆட்கள் அமர்ந்து வளர்த்தால், அறிமுகமில்லாதவர்களும் ஒரே பொருளில் கை வைத்திருப்பார்கள்.

இதைப் பயிற்சி வகுப்பாக்கிவிடாதீர்கள். வந்தவரிடம் பெயர், ஊர் விசாரித்து வரவேற்பதைவிட, நீங்கள் உங்கள் தடுக்கை முடைந்துகொண்டே பக்கத்தில் இடம் காட்டுவது நல்லது. கேட்டால் மட்டும் சொல்லிக் கொடுங்கள். போட்டி, பரிசு, விற்பனை, விளம்பரப் பதாகை ஆகிய எதற்கும் இடம் தராதீர்கள்; விழாக்குழு வற்புறுத்தினாலும் இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். அனுமதி இல்லாமல் யாரையும் படம் எடுக்கக்கூடாது என்று வாசலில் எழுதி வையுங்கள். ஓலை வார்ந்து தருபவரையும் உங்களோடு உட்காரவைத்து, மேடைக் கலைஞருக்குக் குறையாத மதிப்பூதியம் வாங்கித் தாருங்கள். அவரும் அந்த விழாவின் கலைஞரே.

தனி ஒருவராக மூன்று நாளும் பார்த்துக்கொள்வது இயலாது. மாற்றி அமர இருவரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். தரையில் உட்கார முடியாத பெரியவர்களுக்காகச் சில நாற்காலிகளும் இருக்கட்டும்.

கேள்வி: என் ஆறு வயது மகளுக்குக் கூட்டமும் பேரொலியும் தாங்காது, ஆனால் பறை கேட்கப் பிடிக்கும். இத்தகைய பந்தலில் அவளை உட்காரவைக்கலாமா?
– வாசகர், திருவாரூர்

பதில்: தாராளமாக. நடுவில் அல்லாமல், வெளியேறும் வழி கண்ணுக்குத் தெரியும் ஓரத்தில் உட்காரவையுங்கள். எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். காதை முழுதாக மூடும் ஒலித்தடுப்பான் ஒன்று கையில் இருந்தால், எவ்வளவு பறை கேட்பது என்பதை அவளே முடிவு செய்துகொள்வாள். செய்வதற்கு ஓலைக் கிலுகிலுப்பை பொருத்தமாக இருக்கும். உள்ளே போட அழகாக இருக்கிறது என்று குன்றிமணியைத் தேடாதீர்கள், அதன் பருப்பு கடும் நஞ்சு. சிறு கூழாங்கற்கள் போதும். அவற்றைப் போட்டு வாயை மூடும் வேலையை மட்டும் நீங்கள் செய்துகொடுங்கள்.