ஸ்டார் ட்ரெக் சீருடைகள்: சட்டை நிறம், நெஞ்சுச் சின்னம், காலர் புள்ளி – கேள்வி பதில்

கல்லூரி விழாக்களில் மாறுவேடப் போட்டி நடக்கிற காலம். விண்கப்பல் ஆட்களின் கதையான ஸ்டார் ட்ரெக் தொலைக்காட்சித் தொடர்களைப் பார்க்கும் நம் டெல்டா நண்பர்கள் சீருடை பற்றிக் கேட்டிருந்ததை ஒன்றாக எடுத்துக்கொண்டேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் சீருடையில் ஆளின் வேலை முதலில் தெரியும், பதவி அதற்கப்புறம்தான். இதைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

அண்ணே, கிர்க் மஞ்சள் சட்டை, பிகார்ட் சிவப்புச் சட்டை. ரெண்டு பேருமே கேப்டன்தானே? – கல்லூரி மாணவர், மன்னார்குடி

ரெண்டு பேரும் கேப்டன்தான் தம்பி. இடையில் நிறம் மாறிவிட்டது. 1966இல் தொடங்கிய, கிர்க் வரும் முதல் தொடரில் கட்டளைப் பிரிவுக்குப் பொன்னிறம், ஆராய்ச்சிக்கும் மருத்துவத்துக்கும் நீலம், பொறியியல், தகவல்தொடர்பு, பாதுகாப்புக்குச் சிவப்பு. ஸ்பாக், கிர்க்கின் எண்டர்பிரைஸ் கப்பலில் இரண்டாவது ஆள். ஆனாலும் அவருக்கு நீலம்தான், ஏனென்றால் அவர் அறிவியல் அதிகாரி.

1987இல் வந்த, பிகார்ட் வரும் ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரில் சிவப்பும் பொன்னும் இடம் மாறின. கட்டளைக்குச் சிவப்பு வந்தது. நீலம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. இதை ஒரே ஆளை வைத்துப் பார்க்க வேண்டுமானால் லா ஃபோர்ஜைக் கவனியுங்கள். முதல் வருஷம் சிவப்பில் கப்பல் ஓட்டுவார். இரண்டாம் வருஷம் தலைமைப் பொறியாளர் ஆனதும் பொன்னிறத்துக்கு மாறிவிடுவார். பாதுகாப்புப் பொறுப்புக்கு வந்த வோர்ஃபும் அப்படித்தான். முதல் தொடரில் தகவல்தொடர்பு அதிகாரி உஹுராவும் ஆரம்ப அத்தியாயங்கள் சிலவற்றில் பொன்னிறத்தில் வந்து, பிறகுதான் சிவப்புக்குப் போனார்.

துணி எடுக்கப் போகும் முன் இன்னொன்று. கிர்க் போட்ட சட்டைத் துணி உண்மையில் பச்சைச் சாயல் உள்ளது. படப்பிடிப்பு விளக்கிலும் ஃபிலிமிலும் அது பொன்னாக விழுந்தது. அவர் சில அத்தியாயங்களில் போடும் குறுக்கே மடித்த சட்டை மட்டும் வேறு துணி என்பதால் பச்சையாகவே தெரியும். மேடையில் பார்ப்பவர்களுக்குப் பொன்தான் பழக்கம். கடுகுமஞ்சள் துணியே எடுங்கள்.

நான் ஆரி வேலை செய்யறேன். நெஞ்சில் இருக்கிற அம்புமுனைக்குள்ள குறி எல்லாருக்கும் ஒண்ணா, வேற வேறயா? – கும்பகோணம்

வேறு வேறு அம்மா. முதல் தொடரில் கட்டளைப் பிரிவுக்கு மேல்நோக்கி நீண்ட நட்சத்திரம், அறிவியலுக்கு முட்டை வடிவ வளையம், பொறியியல் வகைக்குச் சுழி. செவிலி சாப்பலுக்குச் சிவப்புச் சிலுவை. மெக்காய் டாக்டராக இருந்தும் அவருக்கு அறிவியல் வளையம்தான். சட்டை நீலம், சின்னத்தில் நட்சத்திரம் என்று தைத்துவிட்டால் தெரிந்தவர் கண்ணில் உடனே உறுத்தும்.

அம்புமுனையின் இரண்டு கால்களும் சமமாக இருக்காது. துணியை நடுவில் மடித்து வெட்டினால் உருவம் கெட்டுவிடும். தெளிவான படம் ஒன்றை அச்செடுத்து அதன்மேல் வரையுங்கள். இடம், போடுபவரின் இடது மார்பு.

அந்த அம்புமுனை எண்டர்பிரைஸ் கப்பலுக்கு மட்டும் உரியதா, முழு விண்படைக்குமா? நண்பர்களுக்குள் இதில் சண்டையே நடக்கிறது. – தஞ்சாவூர்

சண்டை உங்கள் ஊரில் மட்டும் இல்லை சார். உலகெங்கும் ரசிகர்கள் பல பத்தாண்டுகளாக இதைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கப்பலுக்குக் கப்பல் சின்னம் வேறு என்பவர்களுக்கும் ஆதாரம் உண்டு. கான்ஸ்டெலேஷன் கப்பலின் டெக்கர் வேறு வடிவம் அணிகிறார், எக்ஸிடர் கப்பலின் கேப்டன் டிரேசி இன்னொரு வடிவம். அண்டாரஸ் என்ற சிறிய கப்பலில் வருபவர்களுக்கும் தனிச் சின்னம். இவற்றைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

ஆனால் படைத்தவர்கள் நினைத்தது அதுவல்ல. தயாரிப்பாளர் ராபர்ட் ஜஸ்ட்மன் 1967 டிசம்பரில் உடை வடிவமைப்பாளர் வில்லியம் வேர் தீஸுக்கு ஒரு குறிப்பு எழுதினார். விண்கப்பல் ஆட்கள் எல்லாரும் எண்டர்பிரைஸ் ஆட்கள் அணியும் அதே சின்னத்தைத்தான் அணிய வேண்டும், டிரேசிக்கு வேறு சின்னம் வைத்தது தவறு என்பதுதான் அதன் சாரம். அடுத்த ஆண்டு வந்த ‘தோலியன் வெப்’ அத்தியாயத்தில் டிஃபையன்ட் கப்பலில் இறந்து கிடப்பவர்கள் சட்டையில் அம்புமுனைதான் இருக்கிறது. 1979 திரைப்படம் தொடங்கி அது முழுப் படைக்கும் பொது ஆகிவிட்டது.

என் தீர்ப்பு: பெரிய விண்கப்பல்களுக்கு அம்புமுனை பொது. அண்டாரஸ் சரக்குக் கப்பல் போன்றது, அதற்கு வேறு சின்னம் இருப்பது சரியே. டெக்கரும் டிரேசியும் உடைப் பிரிவில் நேர்ந்த பிசகு. கதைக்குள் அதற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை.

திருவாலங்காட்டுச் செப்பேட்டு முத்திரையில் சோழர் புலியோடு பாண்டியர் மீனும் சேரர் வில்லும் இருக்கின்றன. விண்படையை நடத்தும் உலகங்களின் கூட்டமைப்புச் சின்னத்திலும் உறுப்பு உலகங்களின் அடையாளம் உண்டா? – ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், திருவாரூர்

அருமையான கேள்வி ஐயா. இல்லை. கூட்டமைப்பின் சின்னத்தில் நட்சத்திரக் களமும் அதைச் சூழ்ந்து இரு பக்கம் இலைக்கொத்தும் மட்டுமே. ஐக்கிய நாடுகள் சபையின் சின்னத்தை ஒட்டியது. பூமி நடுவில் இல்லை, எந்த உலகத்தின் அடையாளமும் தனியாக இல்லை. யார் சேர்ந்தாலும் அதை மாற்ற வேண்டியதும் இல்லை.

நீங்கள் சொல்லும் முத்திரை வென்றவன் வென்றதைக் காட்டும் முத்திரை. அதற்கு இணை தேடினால் மற்ற அரசுகளிடம் போக வேண்டும். ரோமுலர்களின் பறவை இரண்டு கால்நகங்களிலும் ஒவ்வொரு உலகத்தைப் பற்றியிருக்கும். அவை ரோமுலஸ், ரீமஸ் என்ற அவர்களுடைய சொந்த உலகங்களே. 1967இல் வந்த ‘மிரர், மிரர்’ அத்தியாயத்தின் கொடுங்கோல் பேரரசுக்கோ பூமியைக் குத்தி நிற்கும் வாள் சின்னம். யாரும் விளக்காமலே அது என்ன மாதிரி அரசு என்று புரிந்துவிடுகிறது. இந்தத் தொடர்களில் சின்னங்களை அமைத்த வேலையில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான்.

சிவப்புச் சட்டை போட்டவங்க செத்துடுவாங்களாமே? – பள்ளி மாணவி, மயிலாடுதுறை

அது முதல் தொடரில்தான் பாப்பா. புதுக் கோளில் இறங்கும் பாதுகாப்புக் காவலர்களுக்குச் சிவப்பு, அதனால் வந்த பேச்சு. பொறியாளர் ஸ்காட்டியும் உஹுராவும் அதே சிவப்பில்தான் கடைசிவரை இருந்தார்கள். தைரியமாகப் போட்டுக்கொள்.

பதவியை எதை வைத்துக் கண்டுபிடிப்பது? – நாகப்பட்டினம்

முதல் தொடரில் மணிக்கட்டுப் பக்கம் பாருங்கள், பொன்னிறப் பட்டை இருக்கும். கேப்டனுக்கு இரண்டு முழுப் பட்டை, நடுவில் விட்டு விட்டு வரும் பட்டை ஒன்று. கமாண்டர் ஸ்பாக்குக்கு இரண்டு முழுப் பட்டை. ஸ்காட்டிக்கும் மெக்காய்க்கும் ஒரு முழுசும் ஒரு விட்டதும். சூலு, உஹுரா போன்ற லெஃப்டினன்ட்டுகளுக்கு ஒன்றே ஒன்று. எந்தப் பட்டையும் இல்லையென்றால் என்சைன், செகோவ் மாதிரி.

பிகார்ட் காலத்தில் பதவி காலருக்குப் போய்விடும், போடுபவரின் வலது பக்கம். நான்கு பொன் புள்ளி கேப்டன், மூன்று கமாண்டர், இரண்டு லெஃப்டினன்ட், ஒன்று என்சைன். கூடக் கறுப்புப் புள்ளி ஒன்று வந்தால் அது அரைப்படி. இரண்டு பொன்னும் ஒரு கறுப்பும் லெஃப்டினன்ட் கமாண்டர், ஒரு பொன்னும் ஒரு கறுப்பும் ஜூனியர் லெஃப்டினன்ட்.

1995இல் தொடங்கிய ‘வாயேஜர்’ பார்ப்பவர்கள் சக்கோட்டேயையும் டோரஸையும் கவனியுங்கள். மக்கீ கிளர்ச்சிக் கூட்டத்திலிருந்து வந்தவர்கள் என்பதால் காலரில் புள்ளி இருக்காது, கோடு போட்ட சிறிய பட்டை இருக்கும். ஒரே கப்பலில் ஒரே வேலை செய்தாலும் வந்த வழி காலரில் எழுதியிருக்கும். ஹாரி கிம் ஏழு வருஷமும் ஒற்றைப் புள்ளியோடு இருந்தது எனக்கு இன்றைக்கும் ஆறாத வருத்தம்.

2017இல் வந்த ‘டிஸ்கவரி’ தொடரில் பதவிப் புள்ளிகள் நெஞ்சுச் சின்னத்தின் மேலேயே ஏறிவிட்டன. பிரிவைக் காட்டுவது உலோக நிறம்: கட்டளைக்குப் பொன், அறிவியலுக்கு வெள்ளி, மற்றவர்களுக்குச் செம்பு.

நாச்சியார்கோவிலில் குத்துவிளக்குப் பட்டறை எங்களுடையது. பிகார்ட் சின்னத்தைப் பித்தளையில் செய்ய முடியுமா?

உங்களுக்கா முடியாது! அது இரண்டு அடுக்கு. பின்னால் பொன்னிற முட்டை வடிவத் தகடு, அதற்குப் பித்தளையை மெருகு ஏற்றினாலே போதும். மேலே வெள்ளி நிற அம்புமுனை, அதற்கு நிக்கல் பூச்சு கொடுங்கள். கொஞ்சம் பிந்திய கதையை வேடமிடுபவர் கேட்டால் முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். 1994 திரைப்படத்திலும் வாயேஜரிலும் முட்டை வடிவம் போய், பட்டை வடிவத் தகடு வந்துவிட்டது. கெட்டி வார்ப்பு வேண்டாம், கனத்தில் துணி தொங்கும். மெல்லிய தகட்டை வெட்டிப் பின்னால் காந்தம் வைத்தால் சட்டையும் கிழியாது.

பிகார்ட் உட்கார்ந்து எழும்போதெல்லாம் சட்டையை இழுத்துவிடுவது ஏன்? தையல்காரர் கேட்கிறார். – பட்டுக்கோட்டை

முதல் இரண்டு வருஷம் அவர்களுக்கு உடம்போடு ஒட்டிய ஒரே துண்டு ஸ்பாண்டெக்ஸ் உடை. அதனால் பிகார்டாக நடித்த பாட்ரிக் ஸ்டூவர்ட்டுக்கு முதுகுவலி வந்தது. மூன்றாம் வருஷம் உடை வடிவமைப்பாளர் ராபர்ட் பிளாக்மன் பொறுப்பில் கம்பளித் துணியில் மேல்சட்டை தனி, கால்சட்டை தனி ஆனது. உட்கார்ந்தால் மேல்சட்டை ஏறும், எழுந்ததும் அவர் இழுத்துவிடுவார். நம் வெயிலுக்குக் கம்பளி ஆகாது, கெட்டியான காட்டன் ட்வில் எடுக்கச் சொல்லுங்கள். இடுப்புக்குக் கீழே கொஞ்சம் நீளம் விட்டுத் தைக்கட்டும். ஆனால் இழுக்க முடியாத அளவுக்கு இறுக்கிவிட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். மேடையில் அந்த ஒரு இழுப்புக்கே கைத்தட்டல் வரும்.