ஃபிஸோவின் பற்சக்கரச் சோதனையில் கடிகாரம் எங்கே?

கேள்வி: பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபிஸோ ஒரு பற்சக்கரத்தை வைத்து ஒளியின் வேகத்தை அளந்தார் என்று படித்திருக்கிறோம். சூத்திரம் தெரியும். ஆனால் அங்கே உண்மையில் என்ன நடக்கிறது என்று புரியவில்லை. யாராவது விளக்க முடியுமா?

எனக்கும் பல வருடம் புரியவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் படத்தை வரைந்து, பை வரும் அந்தச் சூத்திரத்தை எழுதி, முழு மதிப்பெண் வாங்கினேன். அதோடு மறந்தும் போனேன். போன வருடம் அக்கா மகள் அதே பாடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "மாமா, இதுல கடிகாரமே இல்லையே, நேரத்தை எப்படி அளந்தாரு?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சோதனை என்னவென்று சுருக்கமாக. வருடம் 1849. ஃபிஸோவுக்கு அப்போது 29 வயது. பாரிஸுக்கு மேற்கே சுரென் என்ற ஊரில் ஒரு வீட்டில் விளக்கு, பற்சக்கரம், தொலைநோக்கி எல்லாம் இருந்தன. 8,633 மீட்டர் தள்ளி, மோன்மார்த் குன்றில் ஒரு கண்ணாடி. விளக்கின் ஒளி சக்கரத்தின் இரண்டு பற்களுக்கு நடுவே உள்ள இடைவெளி வழியாகப் புறப்பட்டு, மோன்மார்த் போய், கண்ணாடியில் பட்டு, வந்த வழியே திரும்புகிறது. சக்கரத்துக்குப் பின்னால் சாய்வாக வைத்த, பாதி ரசம் பூசிய கண்ணாடித் தகடு வழியாக ஃபிஸோ அதைப் பார்க்கிறார். சக்கரம் ஓடாமல் இருந்தால் தூரத்தில் ஒரு நட்சத்திரம் போல ஒளிப்புள்ளி தெரியும்.

எட்டரை கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் கண்ணாடி இம்மி பிசகினாலும் ஒளி வேறெங்காவது போய்விடாதா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். மோன்மார்த்தில் இருந்தது வெறும் கண்ணாடி இல்லை, இன்னொரு தொலைநோக்கி. அதன் குவியத்தில், அதாவது ஒளி ஒரு புள்ளியில் வந்து கூடும் இடத்தில்தான் கண்ணாடி. அப்படி வைத்தால் தொலைநோக்கி லேசாகத் திரும்பியிருந்தாலும் ஒளி வந்த திசைக்கே திரும்பிப் போகும். பாடப்புத்தகப் படத்தில் இதை ஒரு கோடாக வரைந்துவிட்டுப் போய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால் சோதனையின் பாதிச் சாமர்த்தியம் இங்கேதான் இருக்கிறது.

சரி, இப்போது கடிகாரம். போய்த் திரும்பும் தூரம் 17,266 மீட்டர். இதைக் கடக்க ஒளிக்கு ஒரு நொடியில் பதினேழாயிரத்தில் ஒரு பங்கு நேரம்கூட ஆவதில்லை. இருட்டில் இரண்டு பேர் தள்ளி நின்று விளக்கைத் திறந்து மூடிப் பார்க்கலாம் என்று 17-ஆம் நூற்றாண்டிலேயே கலிலியோ எழுதியிருக்கிறார். ஆனால் விளக்கைப் பார்த்துக் கை அசையவே பத்தில் ஒரு பங்கு நொடிக்கு மேல் ஆகிவிடும். அளக்க வேண்டிய நேரத்தைவிட அளக்கிற கையின் தாமதம் ஆயிரம் மடங்குக்கும் மேல் பெரியது. ஆகவே கையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு சக்கரத்தை வைத்தார் ஃபிஸோ. கதவைத் திறப்பதும் மூடுவதும் பற்களின் வேலை. அந்தச் சக்கரமேதான் கடிகாரம்.

சக்கரத்தில் 720 பற்கள், 720 இடைவெளிகள். இரண்டும் ஒரே அகலம். ஆக ஒரு சுற்றில் 1,440 சம பாகங்கள். எல்லோரும் தடுமாறும் 1,440 இங்கிருந்துதான் வருகிறது. சக்கரம் நொடிக்கு 12.6 சுற்று சுற்றியபோது ஒளிப்புள்ளி முதல்முறையாக மறைந்தது. 12.6-ஐ 1,440-ஆல் பெருக்கினால் 18,144. அதாவது இடைவெளி இருந்த இடத்துக்குப் பல் வந்து நிற்க ஒரு நொடியில் 18,144-இல் ஒரு பங்கு போதும். அதே நேரத்தில் ஒளி 17,266 மீட்டர் போய் வந்துவிட்டது. பெருக்கிப் பாருங்கள்: நொடிக்குச் சுமார் 3,13,000 கிலோமீட்டர். இன்றைய மதிப்பைவிட ஐந்து சதவீதத்துக்கும் குறைவாகவே கூடுதல்.

12.6 சுற்று என்பது பெரிய வேகம் இல்லை என்பதைக் கவனியுங்கள். நம் வீட்டுச் சீலிங் ஃபேன் முழு வேகத்தில் நொடிக்கு ஆறு சுற்று சுற்றும். ஃபிஸோவின் சக்கரம் அதைப் போல இரண்டு மடங்கு, அவ்வளவுதான். தொங்கவிட்ட எடைகள் இறங்கும் விசையிலேயே அதை ஓட்டினார்கள். அதற்குப் பதில் மூன்று இறக்கையும் அதே அகலத்தில் மூன்று இடைவெளியும் உள்ள ஒரு ஃபேனை வைத்திருந்தால்? ஆறே பாகம். 18,144-ஐ ஆறால் வகுத்தால் நொடிக்கு 3,024 சுற்று. ஃபேன் பிய்த்துக்கொண்டு போயிருக்கும். பற்களை அத்தனை நெருக்கமாக வெட்டியது எதற்கென்று இந்தக் கணக்கைப் போட்டபோதுதான் எனக்கு உறைத்தது.

அக்கா மகளின் அடுத்த கேள்வி இன்னும் நல்ல கேள்வி. "விளக்கு நிக்காம எரிஞ்சுக்கிட்டேதானே இருக்கு? வெளிச்சமும் வந்துக்கிட்டேதானே இருக்கும்? அப்புறம் எப்படி முழுசா இருட்டாகும்?"

படத்தில் ஒற்றை அம்புக்குறி போட்டிருப்பதால் வரும் குழப்பம் இது. ஒளியை ஒரு புள்ளியாக நினைக்காமல், இடைவெளி திறந்திருக்கும் நேரம் முழுக்க வெளியே போகும் ஒரு நீளத் துண்டாக நினையுங்கள். நொடிக்கு 12.6 சுற்றில் அந்தத் துண்டின் நீளம் எவ்வளவு தெரியுமா? சரியாக 17,266 மீட்டர். போய்த் திரும்பும் பாதையின் அதே நீளம். துண்டின் வால் சக்கரத்தை விட்டுக் கிளம்பும் கணத்தில் தலை சுற்றி வந்து சக்கரத்தைத் தொடுகிறது. அந்தக் கணத்தில் கதவு மூடுகிறது. வால் வந்து சேரும் வரை மூடியே இருக்கிறது. துண்டு முழுவதும் பல்லில் மோதி வீணாகிறது. அடுத்த இடைவெளி வரும்போது புதுத் துண்டு வெளியே போகிறது, உள்ளே வர எதுவும் இல்லை.

வேகம் இதில் பாதியாக இருந்தால் துண்டு இரண்டு மடங்கு நீளம். தலை திரும்பும்போது கதவு இன்னும் திறந்திருக்கும், முன்பாதி கண்ணுக்கு வந்துவிடும், பின்பாதி பல்லில் படும். அதனால்தான் புள்ளி சட்டென்று அணையாமல் கொஞ்சம் கொஞ்சமாக மங்கி மறைகிறது. மினுமினுப்பும் தெரியாது. நொடிக்கு ஒன்பதாயிரம் முறை திறந்து மூடும் கதவைக் கண் எங்கே பிரித்துப் பார்ப்பது?

சோதனையின் பலவீனமும் இதே மங்கலில்தான். இருட்டின் நடு எது என்று கண்ணால் தீர்மானிக்க வேண்டும். கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் இருட்டாகத்தான் தெரியும். 1870-களில் கொர்னு என்பவர் இதே முறையைத் திருத்தி எடுத்தார். தூரத்தைச் சுமார் 23 கிலோமீட்டராக்கினார். முதல் இருட்டோடு நிற்காமல் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போய் அடுத்தடுத்த இருட்டுகளை எடுத்துக்கொண்டார். கண் செய்யும் பிழை அதே அளவுதான், ஆனால் பெரிய எண்ணில் அது சிறு பங்காகிவிடுகிறது. விடை 3 லட்சத்துக்கு மிகப் பக்கத்தில் வந்தது. இந்தக் கொர்னுவைப் பற்றி நம் பாடத்தில் ஒரு வரிகூட இல்லாதது எனக்கு இன்னும் வருத்தம்.

தேர்வுக்குப் படிப்பவராக இருந்தால் ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். முதல் இருட்டு 12.6 சுற்றில் என்றால், 25.2 சுற்றில் ஒளி மறுபடி முழுசாகத் தெரியும். அப்போது திரும்பி வரும் துண்டு அடுத்த இடைவெளி வழியாக உள்ளே வருகிறது. 37.8-இல் மறுபடி இருட்டு. கணக்கில் "மீண்டும் முதல்முறை ஒளி தெரிந்தபோது" என்று கொடுத்திருந்தால் சக்கரம் நகர்ந்தது இரண்டு பாகம். அங்கே 1,440 போடாதீர்கள், 720 போடுங்கள். அக்கா மகள் அரையாண்டுத் தேர்வில் 1,440 போட்டுவிட்டு வந்து என்னைத்தான் திட்டினாள்.