போர்முனைப் பொறியாளரின் துணிச்சல் ஏன் தனியாகப் பேசப்படுகிறது?

படை முன்னேற வழி அமைப்பவர்தான் போர்முனைப் பொறியாளர். கண்ணிவெடி அகற்றுவது, பாலம் போடுவது, சாலைத் தடையை உடைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. சுடுபவர் மறைவில் இருந்தபடி சுடலாம். இவருக்கு அந்த வசதி கிடையாது. எதிரி தடை வைப்பதே தன் துப்பாக்கிக்கு எட்டும் இடத்தில்தானே! குண்டு பறக்கும்போதும் கை நடுங்கக் கூடாது. குளவிக் கூட்டத்துக்கு நடுவே ஊசியில் நூல் கோர்ப்பது மாதிரி.

1948 ஏப்ரலில், இந்திய–பாகிஸ்தான் போரின்போது, ஜம்மு பகுதியின் நௌஷேரா–ரஜௌரி சாலையில் இந்திய ராணுவப் பொறியாளர் ராமா ராகோபா ராணே செய்தது இதைத்தான். காயம்பட்ட பிறகும், நகரும் டாங்கிக்கு அடியில் ஊர்ந்தபடியே, கயிற்றை இழுத்து ஓட்டுநருக்குச் சைகை கொடுத்து வழி திறந்தார். இந்தியாவின் மிக உயர்ந்த போர்க்கால வீர விருதான பரம்வீர் சக்கரம் பெற்றார்.

அப்புறம், பொறியாளர் என்றதும் பின்னால் உட்கார்ந்து வரைபடம் போடுபவர் என்று பலர் நினைக்கிறார்கள். கண்ணிவெடி உள்ள பாதையில் டாங்கிக்கும் முன்னால் போவது பெரும்பாலும் இவர்தான்.