நிலக்கடலையும் முந்திரியும் ஆகாத பிள்ளைக்கு ரொட்டியில் எதைத் தடவிக் கொடுப்பது?

கேட்டிருப்பவர் நாகர்கோவிலில் இருக்கும் ஒரு தாய். ஆறு வயது மகனுக்கு நிலக்கடலையும் முந்திரியும் ஒவ்வாது என்று பரிசோதனையில் தெரிந்திருக்கிறது. பள்ளிக்கு ரொட்டியிலோ சப்பாத்தியிலோ தடவிக் கொடுக்க, பசி தாங்குகிற மாதிரியும் பயமில்லாமலும் என்ன இருக்கிறது என்று கேட்கிறார்.

இருக்கிறது, சகோதரி. நம் அடுக்களையிலேயே இருக்கிறது. எனக்கு அது தெரிய இரண்டு வருடம் பிடித்தது. அந்த இரண்டு வருடம் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

என் மகளுக்கு இப்போது பதினொரு வயது. எங்கள் வீடு கருங்கல் என்ற ஊர்ப் பக்கம். சுற்றிலும் அண்டியாபீஸ்தான், முந்திரி ஆலையை இங்கே யாரும் வேறு பெயரில் சொல்வதில்லை. அவளுக்கு மூன்று வயதாக இருக்கும்போது ஒரு பால்காய்ப்பு வீட்டில் பாயசம் கொடுத்தார்கள். இரண்டு கரண்டிகூட உள்ளே போயிருக்காது. கீழுதடு ஒரு பக்கமாகத் தடித்தது. கழுத்தில் கொசு கடித்ததுபோலத் தடிப்புகள் எழும்பின. வேர்க்குரு என்று நினைத்து ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்போது அவள் தொண்டையைக் கையால் பிடித்துக்கொண்டு, “அம்மா, உள்ளே முடி இருக்கிறது” என்றாள். குரல் கம்மியிருந்தது. அந்த வார்த்தையை இன்றும் மறக்க முடியவில்லை. நாக்கில் முடி, தொண்டையில் முள், வாயெல்லாம் காரம் என்று சின்னப் பிள்ளைகள் இப்படித்தான் சொல்வார்கள். உங்கள் மகன் அப்படி ஏதாவது சொன்னால் அடம் என்று தள்ளிவிடாதீர்கள். மருத்துவமனையில் தொடையில் ஆட்ரினலின் ஊசி போட்ட பிறகுதான் மூச்சு சீரானது.

பக்கத்து வீட்டு அக்கா அண்டியாபீஸில் தோடு, அதாவது முந்திரிக்கொட்டையின் ஓடு, உடைக்கிறவர். “எங்கள் கையும்தான் வெந்து புண்ணாகிறது, பழகினால் சரியாகிவிடும், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்கு” என்று பாசத்தோடு சொன்னார். உங்களுக்கும் யாராவது சொல்வார்கள். இரண்டும் வேறு வேறு. தோட்டில் இருக்கும் எண்ணெய் தோலைச் சுடும்; அது யார் கையையும் பொத்துவிக்கும். பிள்ளைக்கு ஆகாதது பருப்பில் இருக்கும் புரதம். வறுத்தாலும் வேகவைத்தாலும் அது போய்விடாது. வீட்டில் நாமாகக் கொடுத்துப் பழக்குவது உயிரோடு விளையாடுவது.

இனி தடவுகிற பொருளுக்கு வருகிறேன். எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: எதை அரைத்தார்கள் என்பதோடு எங்கே, எந்த ஜாரில் அரைத்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். நிலக்கடலை இல்லாத வெண்ணெய் என்று சூரியகாந்தி விதை, பூசணி விதை, சோயா வெண்ணெய்களைக் கடையில் விற்கிறார்கள். பொருள் நல்லதுதான். அதே ஆலையில் பாதாமும் முந்திரியும் அரைபடுகின்றனவா என்பதுதான் கேள்வி. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு லேபிள் விதிகளின்படி, நிலக்கடலையோ, முந்திரி பாதாம் போன்ற மரக்கொட்டைகளோ சேர்ந்திருந்தால் ‘கன்டெயின்ஸ்’ என்று தனியாக அச்சிட வேண்டும். சேர்க்கவில்லை, ஆனால் கலந்திருக்க வாய்ப்புண்டு என்றால் ‘மே கன்டெயின்’ என்று போட வேண்டும். அந்த இரண்டாவது வரியைப் பார்த்தாலே நான் பாட்டிலைத் திரும்ப வைத்துவிடுவேன். அளவு எவ்வளவு என்று அதில் இருக்காது. எல்லாப் பாட்டிலிலும் ஒரே அளவு இருக்கும் என்றும் இல்லை. போன மாதம் வாங்கிய அதே பாட்டிலையும் இந்த மாதம் மறுபடி படிக்கிறேன். சாக்லெட் பூச்சு என்றால் இன்னும் கவனம் வேண்டும். பிள்ளைகள் கேட்கிற நூட்டெல்லாவில் 13 சதவீதம் ஹேசல்நட் இருக்கிறது. அதுவும் ஒரு கொட்டைதான்.

பாட்டிலில் வாங்க வேண்டாம் என்று முடிவு செய்து முதலில் பொரிகடலைக்குத்தான் போனேன். மலிவு, வறுத்தது, மென்மையாக அரைபடும். இரண்டு மாதம் அதைத்தான் கொடுத்தேன். ஒருநாள் முறத்தில் கொட்டிப் புடைத்தபோது நடுவில் ஒரு ரோஸ் நிறத் தோல் பறந்து வந்து என் கைமேல் ஒட்டியது. கிளறிப் பார்த்தால் பாதியாக உடைந்த நிலக்கடலை இரண்டு. கடைக்காரர் நல்ல மனிதர். அவர் என்ன செய்வார்? அருகருகே இரண்டு சாக்கு, இரண்டுக்கும் ஒரே அள்ளுபாத்திரம். நிலக்கடலை வறுக்கிற மணலிலேயே பொரிகடலையையும் வறுக்கிற இடங்களும் உண்டு. அன்றிலிருந்து சில்லறையாக அள்ளிக் கொடுக்கும் எந்தப் பருப்பையும் அவளுக்கு வாங்குவதில்லை.

வழி காட்டியவர் என் மாமியார். ஒரு மாலை முந்திரிக்கொத்துக்குப் பூரணம் கிளறிக்கொண்டிருந்தார். மகள் கிட்டே போனதும் பெயரைக் கேட்டே பதறிப்போய் அவளை இழுத்தேன். அவர் கரண்டியை வைத்துவிட்டு, “மக்களே, முந்திரி இதன் பெயரில்தான் இருக்கிறது. உள்ளே சிறுபயறும் கருப்பட்டியும் தேங்காயும்தானே?” என்றார். கொடிமுந்திரி, அதாவது திராட்சைக் குலைபோல மூன்று உருண்டைகளை ஒன்றாக ஒட்டிப் பொரிப்பதால் வந்த பெயர் என்பார்கள். சிறு வயது முதல் தின்று வளர்ந்த பண்டம் அது. பயத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை. அந்தப் பூரணத்தை இளக்கினால் ரொட்டியில் தடவலாம் என்பதுதான் எங்கள் வீட்டுக் கண்டுபிடிப்பு.

செய்முறை இதுதான். மூடி ஒட்டிய பாக்கெட்டில் வரும் முழுச் சிறுபயறு கால் கிலோ. பொறுக்கிக் கழுவி, துணியில் பரப்பி, ஈரம் போகும்வரை காயவையுங்கள். அடி கனத்த உருளியில் சின்னத் தீயில் வறுக்க வேண்டும். அவசரப்பட்டால் வெளியே கருகும், உள்ளே பச்சை வாடை நிற்கும். பச்சை நிறம் மங்கிப் பொன்னிறம் ஏறி, வாசம் கூடத்துக்கு வரும்போது இறக்குங்கள். நன்றாக ஆறிய பிறகு மாவாகப் பொடித்துச் சலியுங்கள். இருநூறு கிராம் கருப்பட்டியை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து வடிகட்ட வேண்டும். நல்ல கருப்பட்டியிலும் அடியில் மண் தங்கும். பாகைச் சற்றுக் கொதிக்கவிட்டு, மாவைத் தூவிக் கிளறி, ஐந்தாறு கரண்டி தேங்காய் எண்ணெய், சுக்கு, ஏலம், ஒரு சிட்டிகை உப்பு சேருங்கள். வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஜாரில் மறுபடி ஒரு சுற்று ஓட்டினால் வழுவழுப்பு வரும். இறுகினால் வெந்நீர் ஒரு கரண்டி போதும். குளிர்பெட்டியில் ஒரு வாரம் வைக்கலாம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கில் உறைந்துவிடும் என்பதால் காலையில் கட்டியாக இருக்கும். பல் துலக்கும் நேரத்துக்கு வெளியே எடுத்து வைத்தால் இளகிவிடும்.

இதைத் தொடங்குமுன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நிலக்கடலையும் சிறுபயறும் கொண்டைக்கடலையும் ஒரே அவரைக் குடும்பம். நிலக்கடலை ஆகாத பெரும்பாலோருக்கு மற்றப் பயறுகள் ஒன்றும் செய்வதில்லை, சிலருக்குச் செய்யும். எள்ளும் அப்படித்தான், சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை தரும். அமெரிக்காவில் 2023 முதல் அதையும் முக்கிய ஒவ்வாமைப் பொருளாக லேபிளில் எழுத வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. முந்திரிக்கொத்தில் எள் சேர்ப்பவர்கள் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். முந்திரி ஆகாதவர்கள் பிஸ்தாவையும் ஒதுக்கிவைப்பது நல்லது. இரண்டும் நெருங்கிய சொந்தம், ஒன்று ஆகாவிட்டால் மற்றதும் பெரும்பாலும் ஆகாது. மாமரமும் அதே குடும்பம்தான் என்றாலும் என் மகள் மாம்பழம் சாப்பிடுகிறாள். தேங்காயைப் பற்றிப் பலருக்கும் சந்தேகம் இருக்கிறது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதை மரக்கொட்டைப் பட்டியலில் வைத்திருந்தது. 2025 ஜனவரியில் எடுத்துவிட்டது. கொட்டை ஒவ்வாத பெரும்பாலோர் தேங்காய் சாப்பிடலாம். தேங்காயே ஆகாதவர்கள் அபூர்வமாக உண்டு.

அடுத்தது சக்கை வரட்டி. சக்கை என்றால் பலாப்பழம். வருக்கைச் சக்கை பழுக்கும் காலத்தில் ஒரு பெரிய பழத்தை வெட்டினால் மாதக்கணக்குக்கு ஆகும். சுளையை வேகவைத்து மசித்து, சர்க்கரைப் பாகும் நெய்யும் விட்டு, கரண்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும்வரை கிளற வேண்டும். கை வலிக்கும், ஆனால் அதுபோல் ஒன்று எந்தப் பாட்டிலிலும் கிடையாது. கடையில் வாங்கினால் முந்திரி உடைத்துப் போட்டிருக்கிறார்களா, அதே உருளியில் அல்வா கிளறினார்களா என்று கேளுங்கள். அவசரக் காலைக்கு மட்டிப்பழத்தை மசித்து மார்த்தாண்டம் தேன் விட்டுக் கொடுப்பேன். பத்து நிமிடத்தில் கறுத்துவிடும் என்பதால் வீட்டில் இருக்கும் நாளுக்குத்தான் அது. சூரியகாந்தி விதையை வறுத்து அரைத்தால் நிலக்கடலை வெண்ணெயின் ருசிக்கு மிக அருகில் வரும். சோடா உப்பு சேர்த்து அதில் கேக் செய்தபோது உள்ளே பச்சை நிறமாகிவிட்டது. பூஞ்சை என்று கொட்டிவிட்டேன். விதையில் இருக்கும் ஒரு அமிலம் சோடாவோடு சேர்ந்து அப்படி நிறம் மாறும், கெடுதல் இல்லை என்று பின்னால் தெரிந்தது.

எண்ணெய் விஷயத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள், எல்லாம் தேங்காய் எண்ணெய்தான். ஆனால் செக்கில் ஆட்டுகிறீர்களா? அதே செக்கில் நிலக்கடலையும் ஆட்டுவார்கள். செக்குக் கடலை எண்ணெயில் புரதம் தங்கும். நாங்கள் கொப்பரை மட்டும் ஆட்டும் ஒரு ஆலையைத் தேடிப் பிடித்திருக்கிறோம். கடை ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸுக்கும் இதே கவலைதான், மிக்சர் பொரித்த எண்ணெயில் பொரித்திருப்பார்கள்.

வெளியே சாப்பிடும்போது பெயர்களைத் தெளிவாகச் சொல்லுங்கள். “கடலை ஆகாது” என்றால் ஒருவர் கொண்டைக்கடலையை நினைப்பார், இன்னொருவர் கடலைப்பருப்பை நினைப்பார். “பருப்பு போடாதீர்கள்” என்று பாயசக்காரரிடம் சொன்னால், பருப்புப் பாயசத்துக்குப் பதில் அடைப்பிரதமன் வைத்து, அதன்மேல் அண்டிப்பருப்பை, அதாவது முந்திரிப்பருப்பைத் தாராளமாக வறுத்துக் கொட்டுவார். கப்பலண்டி (நிலக்கடலை), அண்டிப்பருப்பு, பாதாம், பிஸ்தா என்று ஒவ்வொன்றாக விரல் மடக்கிச் சொல்ல என் மகளுக்குப் பழக்கியிருக்கிறேன்.

பள்ளியில் ஆசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் பிள்ளைகள் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். கிருமிநாசினி ஜெல் கிருமியைக் கொல்லுமே தவிர, கையில் ஒட்டிய கடலைப் புரதத்தை எடுக்காது.

எவ்வளவு கவனித்தாலும் ஒருநாள் தவறு நடக்கலாம். எந்த அறிகுறிக்கு என்ன செய்ய வேண்டும், ஆட்ரினலினை வீட்டில் வைத்திருக்கலாமா, எப்படிப் போடுவது என்பதை மருத்துவரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கி அலமாரிக் கதவில் ஒட்டுங்கள். அரிப்பு மாத்திரை தடிப்பை அடக்கும், மூச்சடைப்பை நிறுத்தாது. மூச்சு இழுத்தாலோ, குரல் மாறினாலோ, துவண்டாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ 108ஐ அழையுங்கள். பிள்ளையைப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சுத் திணறினால் உட்காரவிடலாம். எழுந்து நடக்கவிடாதீர்கள்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். சிறுபயறை அரைக்கப் புது மிக்சி ஜார் ஒன்று தனியாக வாங்குங்கள். பழைய ஜார்தான் என்றால், மூடியின் ரப்பர் வளையத்தையும் கழற்ற முடிந்தால் அடிப் பிளேடையும் கழற்றிப் பாருங்கள். நான் அப்படிக் கழற்றியபோது, வாரம் தவறாமல் தேய்த்துக் கழுவிய ஜாரின் வளையத்துக்கு அடியில், மாதங்களுக்கு முன் அரைத்த நிலக்கடலைச் சட்னி மஞ்சளாகக் காய்ந்து ஒட்டியிருந்தது.