சம்பள உயர்வைச் சொன்னீர்கள், ராஜினாமாவை ஏன் சொல்லவில்லை?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர்களைக் கவனிப்பவராக, இருக்கிறேன். நாலு வருடம் ஒன்பது மாதம் ஆகிறது. சரக்கு வாங்கும் பையர் முன்னாலேயே மேனேஜர் என்னைத் திட்டுகிறார். பொறுக்க முடியாமல் ராஜினாமா கொடுத்துவிட்டேன். முதலாளி கூப்பிட்டு, மாதம் 8,000 ரூபாய் கூட்டித் தருகிறேன், இரு என்கிறார். சம்பளம் கூடப் போவதை மட்டும் வீட்டில் சொன்னேன்; மனைவிக்கு ரொம்ப சந்தோஷம். இருக்கவா, போகவா?

பதில்: மேனேஜரைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருந்தீர்கள் தம்பி, சுருக்கிவிட்டேன். ஷிப்மென்ட் தேதி நெருங்கினால் மேலே இருப்பவர் கீழே இருப்பவர் மேல் பாய்வது உங்கள் ஊரில் புதிதா என்ன? மனைவியைப் பற்றிய அந்த ஒரு வரியைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை.

வேலையை விட்டதை மறைத்துவிட்டு, திரும்பிப் போனால் கிடைக்கும் பணத்தைச் சொல்லியிருக்கிறீர்கள். ஸ்கூல் பீஸ், சீட்டு என்று அந்த எட்டாயிரத்துக்கு அவர் இந்நேரம் கணக்குப் போட்டிருப்பார். நாளைக்கு நீங்கள் போகிறேன் என்றால், வரவிருந்ததும் போச்சு, இருந்ததும் போச்சு என்று ஒரே மூச்சில் கேட்க வேண்டியவர் அவர். இருந்துவிட்டாலோ, ஒவ்வொரு திட்டுக்கும் ‘இவளுக்காகத்தானே’ என்று உள்ளுக்குள் கறுவுவீர்கள். ஒரு வார்த்தை கேட்காமலே பழியை அவர் தலையில் கட்டியாயிற்று.

வீட்டுக்குப் பாரம் தெரியக்கூடாது என்று மறைத்தேன் என்பீர்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மாதச் சம்பளத்தை நம்பிக் குடும்பம் நடத்துகிறவருக்கு, அது எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு.

சரி, வேலை விஷயம். முதலாளி பணம் பேசினார். இனி யாருக்குக் கீழே வேலை என்று பேசினாரா? அதே மேனேஜர் என்றால் இருக்காதீர்கள். மூன்றாம் மாதம் அதே கடிதத்தை மறுபடி எழுதுவீர்கள், அப்போது கூப்பிட்டுப் பேச ஆள் இருக்காது. வேறு பையர் டீமுக்கு மாற்றுகிறேன் என்றால் மெயிலில் வாங்கிக்கொண்டு இருங்கள்.

போவதானாலும் கடைசி நாளை எண்ணிப் பார்த்துப் போங்கள். ஐந்து வருடம் முடிந்தால் கிராஜுவிட்டி, அதாவது வேலையை விடும்போது கம்பெனி தரும் பணிக்கொடை, உண்டு. ஐந்தாம் வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனாலும் கம்பெனியோடு மல்லுக்கு நிற்பதைவிட, முடிந்தால் மிச்ச மூன்று மாதத்தையும் முடித்துவிடுவது நல்லது. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் 26,000 என்றால், வருடத்துக்கு 15,000 வீதம் ஐந்து வருடத்துக்கு 75,000 ரூபாய் வரும். பி.எஃப். பணத்தில் கை வைக்காமல் புது வேலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலாளியிடம் பதில் சொல்லும் முன் இந்தக் கணக்கையெல்லாம் மனைவியோடு உட்கார்ந்து போடுங்கள். ராஜினாமாக் கடிதத்தின் நகலையும் எடுத்துப் போங்கள். அதில் தேதி இருக்கும். எத்தனை நாள் மறைத்தீர்கள் என்று அவரே எண்ணிக்கொள்வார்.