வேதியியலில் பிஎச்.டி. சேர்ந்தால் நாள் முழுக்க லேபிலேயே கிடக்கணுமா?

கேள்வி: எம்.எஸ்சி. வேதியியல் முடிக்கப் போகிறேன். பல்கலைக்கழகத் துறையில் பிஎச்.டி. சேர்ந்தால் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்?

தலைப்பில் கேட்டதற்கு முதலில் பதில்: ஆமாம், கிடக்கணும். நான் தமிழ்நாட்டில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் கரிம வேதியியலில் 2015-இல் சேர்ந்து 2021-இல் வெளியே வந்தவன். ஆறு வருஷத்தில் புதிதாக ஏதோ கண்டுபிடித்தோம் என்று தோன்றிய நாட்களைக் கூட்டினால் இரண்டு கை விரலுக்குள் அடங்கிவிடும். மிச்ச நாளெல்லாம் கண்ணாடிச் சாமான் கழுவியது, பக்கத்து லேபில் கடன் கேட்டது, காத்திருந்தது.

எங்கள் லேபில் "காலம் ஓடிட்டிருக்கு, இப்ப வர முடியாது" என்று யாராவது சொன்னால் அது நேரத்தைப் பற்றி இல்லை, கலவையைப் பிரிக்கும் கண்ணாடிக் குழாயான 'column'-ஐத்தான் அப்படிச் சொல்வோம். வினை முடிந்ததும் குடுவையில் வேண்டியதும் வேண்டாததும் கலந்து பழுப்புப் பிசின் மாதிரி ஒன்று கிடக்கும். நீளமான கண்ணாடிக் குழாயில் சிலிக்காவை ஹெக்சேனில் குழைத்து ஊற்றி, அது படிந்ததும் இந்தப் பிசினை அதன் தலையில் ஏற்றி, ஹெக்சேனில் எத்தில் அசிடேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே ஊற்றினால் ஒவ்வொரு பொருளும் தன் தன் வேகத்தில் இறங்கி வரும், கீழே அறுபது எழுபது டெஸ்ட் ட்யூபில் வரிசையாகப் பிடித்து, ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டை டி.எல்.சி. தட்டில் (எந்த ட்யூபில் எந்தப் பொருள் என்று காட்டும், சிலிக்கா பூசிய சின்னத் தட்டு) வைத்து யு.வி. விளக்கில் பார்க்கணும். நடுவில் டீ குடிக்கப் போய், மேலே கரைப்பான் வற்றிவிட்டால் சிலிக்காவில் விரிசல் விழும். அவ்வளவுதான், அன்றைய காலம் போச்சு, இரண்டு அர்த்தத்திலும்.

நான் உருப்படியாக ஓட்டிய முதல் காலத்தில் வெள்ளையாக ஏதோ கிடைத்தது. கையில் இருப்பது எந்த மூலக்கூறு என்று காட்டும் என்.எம்.ஆர். கருவி எங்கள் துறையில் கிடையாது. அதை வாங்கிவிட்டால் மட்டும் போதாது, உள்ளே இருக்கும் காந்தம் எப்போதும் மைனஸ் 269 டிகிரி திரவ ஹீலியத்திலேயே மூழ்கி இருக்கணும், யானைக்குத் தீனி போடுகிற மாதிரி. அதனால் வெளியே அனுப்பிவிட்டு மூன்று வாரம் காத்திருந்தேன். தாள் வந்தது. 1.26, 2.05, 4.12-இல் கத்தி மாதிரி பீக்குகள். புது மூலக்கூறு என்று துள்ளிக்கொண்டு சீனியர் அக்காவிடம் காட்டினேன். ஒரு பார்வைதான் பார்த்தார். "எத்தில் அசிடேட்டை ரொம்பச் சுத்தமா தயாரிச்சிருக்கேடா." கரைப்பான் முழுசாகப் போகும்வரை பம்ப்பில் போட்டுக் காயவைக்கவில்லை, அதுதான் விஷயம். அந்த அக்கா கைடிடம், அதாவது எங்கள் ஆராய்ச்சியை வழிநடத்தும் பேராசிரியரிடம், சொல்லவில்லை. துறையில் யார் நமக்கு மனிதர்கள் என்பது எனக்குத் தெரிய ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

பாடம் எடுப்பதும் உண்டு, பெரும்பாலும் பிராக்டிகல் வகுப்பு. எனக்கு ஒருங்கிணைந்த எம்.எஸ்சி. முதலாண்டுப் பிள்ளைகளை விட்டார்கள். பர்மாங்கனேட்டை ஆக்சாலிக் அமிலத்தோடு தரம்பார்க்கும் சோதனை. அமிலத்தைச் சூடாக்கி ப்யூரெட்டைத் திறந்தால், முதல் சொட்டின் ஊதா நிறம் போகவே போகாது, பிள்ளை பயந்துபோய் "சார், முடிஞ்சிருச்சு" என்று கத்தும். கொஞ்சம் பொறுத்தால் நிறம் மறையும், அடுத்தடுத்த சொட்டுகள் சட் சட்டென்று மறையும், ஏனென்றால் வினையில் உண்டாகும் மாங்கனீஸ் அயனியே வினையை வேகப்படுத்துகிறது. இதை நான் எம்.எஸ்சி. வரை பாடமாக மனப்பாடம் செய்திருந்தேன். முதலாண்டுப் பெண் ஒருத்தி "அப்ப முதல் சொட்டுக்கு மட்டும் ஏன் சார் உதவிக்கு ஆள் இல்லை?" என்று கேட்ட பிறகுதான் புரிந்துகொண்டேன் என்று சொல்லணும்.

கடன் விஷயத்துக்கு வருகிறேன். நாம் ஆர்டர் போட்ட ரசாயனம் வந்து சேர மாதக்கணக்காகும், அதற்குள் வினை நிற்காமல் இருக்கணும் என்றால் எந்த லேபில் என்ன இருக்கிறது, யாரிடம் எப்படிக் கேட்டால் தருவார்கள் என்று தெரிந்திருக்கணும். எங்கள் துறையில் அதெல்லாம் தெரிந்தது ஸ்டோர்க்கார அண்ணன் ஒருவருக்குத்தான். அவர் லீவு போட்டால் மாடி முழுக்க ஆராய்ச்சி நின்றுவிடும்.

துறை முழுக்க ஒன்றுகூடுவது ஆயுத பூஜைக்கு. பேராசிரியர்கள் முதல் அட்டெண்டர் வரை எல்லாரும் வருவார்கள். கரைப்பானை ஆவியாக்கும் ரோட்டாவுக்குச் சந்தனப் பொட்டு, தராசுக்குக் குங்குமம், நச்சுப் புகையை இழுத்து வெளியேற்றும் ஃப்யூம் ஹூட்டுக்கு மாலை. நாத்திகம் பேசும் எங்கள் கைடுகூட, வருஷம் முழுக்கத் திட்டிக்கொண்டிருந்த அந்தப் பழைய வேக்கம் பம்ப்புக்குப் பொட்டு வைத்தாயிற்றா என்று விசாரித்துவிட்டுத்தான் பொரி வாங்கிக்கொள்வார்.

சரி, பணம். நான் சேர்ந்தபோது ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் 25,000, 2019-இல் 31,000 ஆனது, 2023 ஜனவரியிலிருந்து முதல் இரண்டு வருஷம் 37,000, அப்புறம் 42,000. வீட்டு வாடகைப்படி தனி. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் எனக்கு ஒருமுறை ஏழு மாதப் பணம் சேர்ந்துதான் வந்தது, அதுவரை மெஸ் பாக்கி வைத்திருந்தேன். இந்த உதவித்தொகையே இல்லாமல் சேர்ந்து, காலையில் டியூஷன், மதியம் லேப் என்று ஓட்டிய நண்பர்களும் உண்டு. அந்த வழியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். இப்போதைய யூஜிசி விதிப்படி குறைந்தது 3 வருஷம், சாதாரணமாக அதிகபட்சம் 6. கரிம வேதியியலில் மூன்றில் முடித்த யாரையும் நான் நேரில் பார்த்ததில்லை.

எந்தத் துறையில் சேர்வது என்று முடிவெடுக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். கைடு வெளியூர் போயிருக்கும் நாளாகப் பார்த்து, சாயங்காலம் நாலு மணிக்கு அந்தத் துறை டீக்கடைக்குப் போங்கள். நாலாவது, ஐந்தாவது வருஷ ஸ்காலர் யாராவது நிற்பார். ஆராய்ச்சித் தலைப்பைப் பற்றிக் கேட்க வேண்டாம், கடைசியாக எப்போது ஊருக்குப் போனீர்கள் என்று கேளுங்கள்.