திரையில் பளிச்சென்று தெரியும் படம் அச்சில் ஏன் இருண்டு வருகிறது?

பார்த்துப் பார்த்துத் திருத்திய படம் அச்சில் மட்டும் இருண்டு வருவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இதற்குக் காரணம் வண்ணம் அன்று, திரையின் வெளிச்சம்தான். புதிய திரைகள் பலவும் சதுர மீட்டருக்கு 250 கேண்டெலா (ஒளியை அளக்கும் அலகு) அளவுக்கு ஒளிரும். அச்சுக்காகத் திருத்துவோருக்கு 80 முதல் 120 வரை போதும். அந்த மிகை வெளிச்சத்தில் கருங்கூந்தலின் இழைகள்கூடத் தனித்தனியாகத் தெரிவதால், நிழற்பகுதிகளைச் சற்று உயர்த்த வேண்டும் என்றே நமக்குத் தோன்றுவதில்லை. தாளில் அவை ஒரே கறுப்பாக அப்பிவிடுகின்றன.

இதைச் சரிசெய்ய, திரையை அரை மணி நேரம் எரியவிட்டு, திரையை மஞ்சளாக்கும் இரவு ஒளி, தானியங்கி ஒளிர்வு இரண்டையும் அணைத்தபின், கலரிமீட்டர் என்னும் வண்ணம் அளக்கும் கருவியைத் திரையோடு ஒட்டியபடி தொங்கவிடுங்கள். வெண்மையின் நிறச்சாயலுக்கு 6500 கெல்வின், கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடைப்பட்ட ஒளிர்வுப் படிகளைத் தீர்மானிக்கும் காமாவுக்கு 2.2 என்று இலக்கு வைத்து, ஒளிர்வை முதலில் திரையின் பொத்தானிலேயே குறையுங்கள். கருவிக்கான மென்பொருள் வண்ணக் கட்டங்களை ஒவ்வொன்றாகக் காட்ட, கருவி அவற்றை அளந்து, எந்த வண்ண எண்ணுக்குத் திரை எந்த வண்ணத்தைத் தருகிறது என்பதை ஐசிசி புரொஃபைல் என்னும் கோப்பாகப் பதிந்துவைக்கும்; போட்டோஷாப் அதைப் படித்தே படத்தைக் காட்டுகிறது.

கண்ணை நம்பிச் சரிசெய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மஞ்சள் விளக்கின் கீழ் சிறிது நேரம் இருந்தாலே கண் அதை வெள்ளையாக ஏற்றுக்கொண்டுவிடும். திரையின் இயல்பும் நாளடைவில் மாறுவதால், மாதம் ஒருமுறை மீண்டும் அளந்துகொள்ளுங்கள்.